ஷெட்டில் நின்ற பாக்ஸ்டரா, ஓடித் தேய்ந்த மாஸ்டாவா?

கேள்வி: அண்ணா, இரண்டு பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. இரண்டு கார்கள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2002 மாடல் போர்ஷே பாக்ஸ்டர், 2.7 லிட்டர். 58,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, ஆனால் கடைசி நான்கு வருடம் ஷெட்டிலேயே நின்றிருக்கிறது, சர்வீஸ் புத்தகத்தில் அந்தப் பக்கங்கள் காலியாக உள்ளன. இன்னொன்று 1999 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர், 1,72,000 கிலோமீட்டர். பதினோரு வருடமாக ஒரே ஆளிடம் இருக்கிறது, ஒரு ஃபைல் நிறைய பில் வைத்திருக்கிறார். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஓட்டம் குறைவு என்பதால் பாக்ஸ்டர் பக்கம் மனசு சாய்கிறது, சின்ன வயதிலிருந்து பிடித்த காரும் அதுதான். சேமிப்பு முழுக்க இதற்குத்தான், இன்னொரு தடவை இப்படி எடுக்க முடியாது. எதை எடுக்கலாம்? எடுத்தபின் எப்படிப் பார்த்துக்கொள்வது? சின்னச் சின்ன வேலைகளை நானே செய்யலாமா?

பதில்:

தம்பி, இந்த இரண்டில் ஒன்று என்றால் மாஸ்டாவை எடுங்கள், அதுவும் லிஃப்டில் தூக்கி அடிப்பக்கம் பார்த்த பிறகு. இல்லை, மனசு பாக்ஸ்டரிடம்தான் இருக்கிறது, வேறு எதை எடுத்தாலும் அந்த ஏக்கம் தீராது என்றால் பாக்ஸ்டரே எடுங்கள், ஆனால் இந்த பாக்ஸ்டர் வேண்டாம். வருடா வருடம் ஓடி, வருடா வருடம் ஆயில் மாற்றி, அதற்கு பில்லும் இருக்கிற வேறொரு பாக்ஸ்டரைத் தேடுங்கள். அது 1,20,000 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. ஆறு மாதம் ஆகட்டும், ஒரு வருடம்கூட ஆகட்டும், இத்தனை வருடம் காத்திருந்தவர் நீங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது 'சேமிப்பு முழுக்க இதற்குத்தான்' என்ற வரி. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கையில் இருக்கும் பணத்தில் கால் பங்கையாவது தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதிக்கு என்ன கார் வரும் என்று பாருங்கள். இருபது வருடத்தில் காரின் விலை பாதாளத்துக்கு இறங்கியிருக்கும், ஆனால் அதன் பிரேக் டிஸ்க் விலையும் கிளட்ச் விலையும் அதோடு சேர்ந்து இறங்கவில்லை. புதிதாக விற்றபோது அது எவ்வளவு பெரிய காரோ அந்த அளவுக்குத்தான் இன்றைக்கும் செலவு வைக்கும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி மனம் உடைந்து விற்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கார் மோசமாக இருந்ததால் விற்கவில்லை, வாங்கிய மூன்றாவது மாதம் வந்த முதல் பெரிய ரிப்பேருக்குக் கையில் காசு இல்லாமல் போனதால் விற்றார்கள்.

சரி, ஓட்டம் குறைந்த காரை ஏன் வேண்டாம் என்கிறேன் என்று சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கார் ஓடினால் தேயும் என்பது எல்லோருக்கும் தெரியும். நின்றாலும் கெடும் என்பது வாங்கியபின்தான் தெரிகிறது. இன்ஜினுக்குள் இருக்கும் ரப்பர் சீல்கள் ஆயில் படப்படத்தான் மிருதுவாக இருக்கும், வருடக்கணக்கில் அசையாமல் இருந்தால் இறுகிவிடும், பிறகு ஓட ஆரம்பித்த முதல் மாதத்திலேயே கசியும். ஏற்கெனவே ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும், அதை மாற்றாமலே நிறுத்தி வைத்தால் பேரிங்குகள் அந்த அழுக்கிலேயே ஊறிக் கிடக்கின்றன. பிரேக் பேடை டிஸ்க்மேல் அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் துருப்பிடித்து இறுகும். கிளட்ச் தட்டு ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. டேங்கில் இருக்கும் பெட்ரோல் கெட்டுப் பிசினாகி இன்ஜெக்டரை அடைக்கும். எலி ஒயரைக் கடித்திருக்கும். டயர் பார்வைக்குப் புதுசாக இருக்கும், ஆனால் ரப்பர் கல்லாகியிருக்கும்.

என்னிடம் வந்த ஒருவரின் கதை இது. சிவப்பு நிற இருவர் கார், 30,000 கிலோமீட்டர் கூட ஓடவில்லை, ஐந்து வருடம் துணி போர்த்தி நிறுத்தியிருந்தார்கள். பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. முதல் வாரம் பின்சக்கரக் காலிப்பர் இறுகி, சக்கரம் சூடாகிப் புகைந்தது. அடுத்த மாதம் ஃபியூயல் பம்ப் போனது, அதற்கடுத்து ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தது. எல்லாவற்றையும் சரி செய்து கொடுத்தபோது டயரையும் மாற்றச் சொன்னேன், 'பட்டன் அப்படியே இருக்கிறதே' என்றார். மழையில் ஒரு வளைவில் பின்பக்கம் வழுக்கித் தடுப்புச் சுவரில் போய் மோதினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த டயர்களுக்குப் பதினோரு வயது.

அதனால் டயரின் பக்கவாட்டில் டாட் என்ற எழுத்துகளோடு இருக்கும் எண் வரிசையைக் குனிந்து பாருங்கள், அதன் கடைசி நான்கு இலக்கம்தான் டயரின் பிறந்த தேதி. 2318 என்றிருந்தால் 2018-ஆம் வருடம் 23-ஆவது வாரம். ஆறு வயது தாண்டிவிட்டால் மாற்றும் செலவையும் விலை பேசும்போது கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், பத்து தாண்டியதில் ஏறி ஓட்டிக்கூடப் பார்க்காதீர்கள். இந்த மாதிரிக் கார்கள் பின்சக்கர இழுவை, எடை குறைவு, பழைய மாடல்கள் பலவற்றில் வண்டி வழுக்கினால் பிடித்து நிறுத்தும் எலக்ட்ரானிக் உதவியும் கிடையாது. சாலைக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது உள்ளங்கை அளவு நான்கு ரப்பர் துண்டுகள் மட்டும்தான்.

இப்போது அந்த பாக்ஸ்டருக்கு வருவோம். அருமையான கார் அது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. இருக்கைக்குப் பின்னால், காரின் நடுவில், ஆறு சிலிண்டர்களும் படுத்த வாக்கில் இருக்கும் இன்ஜின், 220 குதிரைத்திறன், திருப்பினால் கார் உங்கள் இடுப்பைச் சுற்றித் திரும்புவது போல இருக்கும். 1996 முதல் 2004 வரை வந்த இந்த முதல் தலைமுறைக்கு உள்ள பெரிய பலவீனம் ஐஎம்எஸ் பேரிங். இன்ஜினுக்குள் இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்று ஒன்று உண்டு, கிராங்க் ஷாஃப்டிலிருந்து சுழற்சியை வாங்கி கேம் ஷாஃப்ட்களின் செயினுக்குக் கொடுப்பது அதுதான். அதன் கியர்பாக்ஸ் பக்க முனையில் ஒரு பால் பேரிங். சீல் போட்டு உள்ளே கிரீஸ் அடைத்த பேரிங் அது. காலப்போக்கில் சீல் வழியாக இன்ஜின் ஆயில் உள்ளே புகுந்து கிரீஸைக் கழுவிவிடும், ஆனால் புது ஆயில் போய் வருகிற அளவுக்கு அங்கே வழி கிடையாது, பழைய ஆயிலே தேங்கிக் கிடக்கும். பேரிங் உடைந்தால் ஷாஃப்ட் ஆடும், செயின் இடம் மாறும், வால்வும் பிஸ்டனும் மோதும். அத்தோடு இன்ஜின் முடிந்தது.

ஆரம்பக் கார்களில் இரண்டு வரிசைக் குண்டுகள் உள்ள பேரிங் இருந்தது, 2000 வாக்கில் அது ஒற்றை வரிசையாக மாறியது. அமெரிக்காவில் இதற்காக நடந்த வழக்கில் வெளிவந்த கணக்கின்படி, இரட்டை வரிசை உடைந்தது சுமார் 1 சதவீதம், ஒற்றை வரிசை சுமார் 8 சதவீதம். நீங்கள் பார்த்த 2002 மாடல் ஒற்றை வரிசை. நூறில் எட்டு என்பது பயந்து ஓடும் அளவு இல்லை, 92 கார்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எந்தக் கார்களுக்கு இது வருகிறது என்று பார்த்தால், நான் பார்த்த வரையில், அடிக்கடி சூடாக ஓடி அடிக்கடி ஆயில் மாற்றிய கார்களுக்குக் குறைவு, கொஞ்சமாக ஓடி நிறைய நின்ற கார்களுக்கு அதிகம். அதாவது உங்கள் மனசைச் சாய்த்த அந்த 58,000 என்ற எண்தான் இந்தக் காரில் எனக்குப் பயம் தருவது.

எந்த பாக்ஸ்டரைப் பார்த்தாலும் ஐஎம்எஸ் பேரிங் மாற்றியாகிவிட்டதா, எப்போது, எந்த வகை போட்டார்கள், பில் இருக்கிறதா என்று கேளுங்கள். மாற்றவில்லை என்றால் அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். கியர்பாக்ஸை இறக்கினால்தான் அந்த பேரிங்கைத் தொட முடியும், அதனால் கிளட்ச் தேயும் சமயத்தில் கிளட்ச், பின்பக்க மெயின் சீல், இந்த பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டால் கூலி ஒரு தடவையோடு போகும். வாங்குவதற்கு முன் ஆயில் ஃபில்டரைக் கழற்றி, அறுத்து, மடிப்புகளை விரித்துப் பார்க்க விற்பவர் சம்மதித்தால் உடனே பாருங்கள், உலோகத் துகள் மினுங்கினால் கை குலுக்கிவிட்டு வந்துவிடுங்கள். நடு இன்ஜின் என்பதால் சாதாரணமாக மூடியைத் திறந்து பார்க்கக்கூட முடியாத கார் இது, பின் டிக்கியில் ஆயில் ஊற்றும் வாயும் கூலன்ட் டேங்க் மூடியும் மட்டும் தெரியும். அந்த கூலன்ட் டேங்க் பிளாஸ்டிக், வயதானால் விரிசல் விடும், டிக்கிக் கம்பளத்தைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். முன் பம்பரின் இரண்டு பக்கத் துளைகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். ரேடியேட்டர்கள் அங்கேதான் இருக்கின்றன, உதிர்ந்த இலைகள் உள்ளே போய் மக்கி அதை அரித்துவிடும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் நீலப்புகை வந்து நின்றால் பயப்படாதீர்கள், படுத்த சிலிண்டர் இன்ஜினில் ஆயில் கொஞ்சம் கசிந்து தேங்குவது இயல்பு. வெள்ளைப் புகை மேகம் போல வந்து நிற்காமல் தொடர்ந்தால் இன்ஜின் காற்றிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் ஆயில் செப்பரேட்டர் போயிருக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்று, துணிக் கூரையின் மழைநீர் வடியும் துளைகள் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, இருக்கைக்கு அடியில் இருக்கும், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் கணினியை நனைத்துவிடும், அப்புறம் கார் ஸ்டார்ட்டே ஆகாது. கம்பளத்தை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். நான்கு வருடம் நின்ற காரில் அந்தத் துளைகளை யாரும் சுத்தம் செய்திருக்க மாட்டார்கள்.

மாஸ்டா வேறு மாதிரி. 1989-இல் சிகாகோ கண்காட்சியில் முதலில் காட்டினார்கள், 2016-இல் தயாரிப்பு 10 லட்சத்தைத் தாண்டியது, இருவர் ஸ்போர்ட்ஸ் கார்களில் இதைவிட அதிகம் விற்றது வேறு எதுவும் இல்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இத்தனை லட்சம் கார்கள் ஓடியதால்தான் பாகங்கள் சுலபமாகக் கிடைக்கின்றன, எந்த போல்ட் எங்கே சிக்கும் என்பது வரை யாரோ ஒருவர் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார். இன்ஜின் எளிமையானது, முன்னால் நெட்டுக்குத்தாக நிற்கிறது, கையை விட்டால் எல்லாம் எட்டும். 1,72,000 கிலோமீட்டர் அந்த இன்ஜினுக்கு ஒன்றும் பெரிய வயது இல்லை, ஆயில் ஒழுங்காக மாற்றியிருந்தால் இன்னும் அவ்வளவு ஓடும்.

அதைக் கொல்வது துரு. இந்தக் காரில் இன்ஜினைவிட இரும்பைப் பாருங்கள். இரண்டாம் தலைமுறையான உங்கள் 1999 மாடலில் காரின் எடையைத் தாங்கும் முன்பக்கச் சேஸிஸ் ரெயில்கள் இரண்டு அடுக்குத் தகடு, நடுவில் ஈரம் தங்கி உள்ளிருந்து அரிக்கும், வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அடுத்தது கதவுக்குக் கீழே பின்சக்கரத்தை ஒட்டி வரும் பகுதி. இதிலும் துணிக் கூரையின் வடிகால்தான் காரணம், அது அடைத்தால் தண்ணீர் அந்தப் பெட்டிக்குள் இறங்கித் தேங்கும். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள், 'டங்' என்று வந்தால் நல்லது, 'பொத்' என்று வந்தால் உள்ளே பட்டி அடைத்து மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். புதிதாகக் கறுப்பு அண்டர்கோட்டிங் பூசியிருந்தாலும் சந்தேகப்படுங்கள், விற்பதற்கு முந்தின வாரம் யாரும் அக்கறையால் அதைப் பூசுவதில்லை. ரெயில் போய்விட்டிருந்தால் ஃபைலில் எத்தனை பில் இருந்தாலும் அந்தக் கார் வேண்டாம்.

மற்றபடி பெடல் அழுத்தத்தைக் கிளட்ச்சுக்குக் கொண்டுபோகும் ஸ்லேவ் சிலிண்டர் அடிக்கடி கசியும், மலிவான பாகம். கியர் லீவருக்குக் கீழே உள்ள ரப்பர் கிழிந்து கேபினுக்குள் சூடும் சத்தமும் வரும், அதுவும் சின்ன வேலை. வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்தான் முக்கியம், 1,00,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். ஃபைலில் அந்த ஒரு பில்லை முதலில் தேடுங்கள், தேதியும் கிலோமீட்டரும் எழுதியிருக்க வேண்டும், வாட்டர் பம்பையும் அப்போதே மாற்றியிருந்தால் வேலை தெரிந்தவர் செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

பில் பில் என்று நான் அடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. எனக்கு இருபத்தாறு வயதிருக்கும்போது வாங்கிய முதல் ஸ்போர்ட்ஸ் காரில், 'பெல்ட் போன வருடம்தான் மாற்றினேன்' என்று விற்றவர் சொன்னார். மெக்கானிக்காக இருந்தும், கார் பிடித்துப்போன சந்தோஷத்தில் நான் பில் கேட்கவில்லை. ஏழாவது மாதம் நெடுஞ்சாலையில் பெல்ட் அறுந்தது, சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியபோது எட்டு வால்வும் வளைந்திருந்தன. அந்தக் காரைச் சரி செய்ய எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அவர் பொய் சொன்னாரா, வேறு ஏதோ பெல்ட்டை மாற்றிவிட்டு இதென்று நினைத்தாரா, இன்றுவரை தெரியாது. வாய் வார்த்தையை இன்ஜின் ஏற்றுக்கொள்ளாது தம்பி.

பார்க்கப் போகும்போது ஒன்று செய்யுங்கள், இன்ஜினை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டில், பாக்ஸ்டர் என்றால் இருக்கைக்குப் பின்னால் இன்ஜின் இருக்கும் பக்கத்தில், கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். குளிர்ந்த இன்ஜின் எதையும் மறைக்காது, செயின் சத்தம், புகை, தடுமாறும் ஐடில் எல்லாம் முதல் இரண்டு நிமிடத்தில்தான் தெரியும். நீலப்புகை ஆயில், கரும்புகை அதிகப் பெட்ரோல், இனிப்பு வாசனையோடு வெள்ளைப்புகை என்றால் கூலன்ட் எரிகிறது. ஓட்டும்போது ரேடியோவை அணைத்துவிடுங்கள். இன்ஜின் சூடாகும் முன் இரண்டாவது கியரை மெதுவாகப் போட்டுப் பாருங்கள், கரகரத்தால் கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது. பிறகு நான்காவது கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள், சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. யாரும் இல்லாத நேரான சாலையில் பிரேக்கை உறுதியாக மிதித்து ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். சேஸிஸ் எண்ணின் எல்லா எழுத்தும் இலக்கமும் பேப்பரில் உள்ளதும் ஒன்றுதானா என்று நீங்களே ஒவ்வொன்றாகப் படித்து ஒப்பிடுங்கள்.

அதோடு நிறுத்தாமல், அந்தக் காரை நன்றாகத் தெரிந்த, விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கம்ப்ரெஷன் டெஸ்ட்டும் லீக் டவுன் டெஸ்ட்டும் எடுங்கள். முதலாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று காட்டும், இரண்டாவது அந்த அழுத்தத்தில் எத்தனை சதவீதம் கசிகிறது என்று காட்டும். கம்ப்ரெஷன் எண் பெரிதாக இருப்பதைவிட எல்லா சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே எண் காட்டுவது முக்கியம், லீக் டவுன் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி, 20 தாண்டினால் உள்ளே வேலை இருக்கிறது. பாக்ஸ்டர் மாதிரிக் காரில் கணினியில் ஓவர் ரெவ் பதிவும் பார்க்கலாம், முந்தைய உரிமையாளர் தப்பான கியருக்கு இறக்கி இன்ஜினை எல்லைக்கு மேல் சுழற்றியிருந்தால் அதில் இருக்கும். இந்தச் சோதனைக்கு ஆகும் பணம் வீண் இல்லை. 'அதெல்லாம் வேண்டாம், என் கார் நன்றாக இருக்கிறது' என்று ஒருவர் மறுத்தால் அதுவே பதில். ஸ்ப்ரிங் வெட்டி இறக்கிய கார், சத்தமான சைலன்சர், கம்ப்யூட்டர் ட்யூனிங் செய்த கார் எதுவும் உங்கள் முதல் காருக்கு வேண்டாம்.

வாங்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரமே இன்ஜின் ஆயில், கியர் ஆயில், டிஃபரென்ஷியல் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் ஃபில்டர்களோடு மாற்றிவிடுங்கள், போன மாதம்தான் மாற்றினேன் என்று விற்றவர் சொன்னாலும் சரி. அன்றைய தேதியிலிருந்து உங்கள் கணக்கு தொடங்குகிறது. இதில் ஜனங்கள் அதிகம் விட்டுவிடுவது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரிக்கு வந்துவிடும். மலைச்சாலையில் இறங்கும்போது பல வளைவுகளில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் அந்தச் சூடு வரலாம், ஆயில் கொதித்து ஆவியாகும், பெடல் தரை வரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும், பெரிய செலவும் கிடையாது. ரப்பர் ஹோஸ்களையும் பெல்ட்களையும் கையால் அழுத்தி, வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் ஒன்று மட்டும் மாற்றாமல் ஒரே வயதுடைய எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓட்டுங்கள், அரை மணி நேரத்துக்குக் குறையாமல். மீட்டரில் முள் நடுவுக்கு வந்தால் கூலன்ட் சூடாகிவிட்டது என்றுதான் அர்த்தம், ஆயில் சூடாக அதுபோல இரண்டு மடங்கு நேரம் ஆகும். அதுவரை நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் போகாதீர்கள். ஆயில் சூடான பிறகு பயப்படாமல் சிவப்புக் கோட்டுக்குப் பக்கம் வரை கொண்டுபோங்கள், அதற்காகச் செய்த இன்ஜின் அது, எப்போதும் தயங்கித் தயங்கி ஓட்டினால் கரி படியும். நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஐடிலில் விட்டுவிட்டு அணைப்பதுதான் மோசம், உள்ளே ஈரம் சேருமே தவிர ஆவியாகிப் போகாது. ஆயில் 8,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். ஆயில் அளவை மாதம் இரண்டு தடவை பாருங்கள், பழைய இன்ஜின் கொஞ்சம் குடிக்கும், குடிப்பது தப்பில்லை, குறைந்தது தெரியாமல் ஓட்டுவதுதான் தப்பு. இரண்டு மூன்று மாதம் ஓட்ட முடியாது என்றால் புது ஆயில் மாற்றி, டேங்க் நிரப்பி, டயரில் கொஞ்சம் கூடுதல் காற்று வைத்து, பேட்டரிக்கு மெயின்டெய்னர் சார்ஜர் மாட்டி, ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

நீங்களே வேலை செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் செய்யுங்கள், எனக்கு ரொம்பச் சந்தோஷம். மாஸ்டா அதற்கென்றே கிடைத்த பள்ளிக்கூடம் மாதிரி. ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கூலன்ட், கூரையின் வடிகால் சுத்தம், பேட்டரி, இவையெல்லாம் முதல் வருடமே கற்றுக்கொள்ளலாம். எவ்வளவு பலத்தில் முறுக்குகிறோம் என்று காட்டும் ஒரு நல்ல டார்க் ரெஞ்சும் அந்த மாடலின் வொர்க் ஷாப் மேனுவலும் வாங்குங்கள், ஸ்பார்க் பிளக்கைக் கை பலத்தில் முறுக்கி அலுமினிய ஹெட்டின் மரையை அழித்தவர்கள் அநேகம். பிரேக் வேலையை முதல் இரண்டு தடவை தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். டைமிங் பெல்ட், கிளட்ச், இன்ஜினின் உள்வேலை எதுவும் இப்போதைக்கு வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் போகாதீர்கள். சமதளத்தில் ஜாக் ஸ்டாண்டு போட்டு, காரைக் கையால் நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையை உள்ளே நீட்ட வேண்டும். இதில் அவசரப்பட்ட ஒருவரை நான் இழந்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மாஸ்டாக்காரரிடம் பேசி, காலையில் குளிர்ந்த இன்ஜினோடு காரைப் பார்க்க ஒரு நாள் வாங்குங்கள். லிஃப்டில் தூக்கியதும் முன்பக்கத்தில் இரண்டு பக்க ரெயிலையும், கதவுக்குக் கீழே பின்சக்கரம் தொடங்கும் மூலைகளையும் நல்ல வெளிச்சத்தில் பக்கத்திலிருந்து போட்டோ எடுத்து, டைமிங் பெல்ட் பில்லோடு எனக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன், அதற்கப்புறம் முன்பணம் கொடுங்கள்.